பழைய காரின் ஜாதகம் யாரிடம் இருக்கிறது?

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் ஓட்டின வண்டி. ஃபுல்லா கம்பெனி சர்வீஸ். இன்சூரன்ஸ் கரண்ட். எடுத்ததும் ஒரு ரூபா செலவு கிடையாது." தமிழ்நாட்டில் எந்த ஊர் கார் கன்சல்டிங்குக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய இதே வரிசையில் இந்த வாக்கியங்கள் காதில் விழும். விற்பனைக்கு நிற்கும் கார்களையெல்லாம் உண்மையிலேயே டாக்டர்கள்தான் ஓட்டினார்கள் என்றால், நம் அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணிக்கும் ஆள் பஞ்சம் இருந்திருக்காது.

அது கிடக்கட்டும். டாக்டர் ஓட்டிய கார் நல்ல கார் என்று யார் சொன்னது? வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நான்கு கிலோமீட்டர், அங்கிருந்து கிளினிக்குக்கு இரண்டு கிலோமீட்டர் என்று இன்ஜின் சூடேறும் முன்பே அணைக்கப்படும் டீசல் காரைவிட, மதுரைக்கும் சென்னைக்கும் ஓடிக்கொண்டிருந்த கார் எவ்வளவோ மேல். 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பி.எஸ்.-6 தரத்தில் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து தீரும். ஊருக்குள்ளேயே உருண்ட வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றப் போனால் செலவு கையைக் கடிக்கும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவருக்கு இது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

காரின் நம்பகத்தன்மை அதன் பளபளப்பிலோ, பிராண்டிலோ, ஓட்டியவரின் தொழிலிலோ இல்லை. அந்த வண்டிக்கு என்னென்ன நடந்தது, யார் எப்போது என்ன பழுது பார்த்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. அந்த ஜாதகம் எழுதப்படாமலும் இல்லை. துண்டு துண்டாக இன்சூரன்ஸ் நிறுவனத்திலும், சர்வீஸ் சென்டர் கணினியிலும், போக்குவரத்துத் துறையின் 'வாகன்' தரவுத்தளத்திலும் பத்திரமாக இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கப்போகிறவரின் கையில் மட்டும்தான் இல்லை.

இது சின்னச் சந்தையும் அல்ல. 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற புதிய பயணிகள் வாகனங்கள் ஏறத்தாழ 43 லட்சம். அதைவிட அதிகமாகவே பழைய கார்கள் கைமாறுகின்றன என்பது வணிகர்களின் மதிப்பீடு. வாங்குகிறவர்களில் கணிசமானோர் முதல்முறையாகக் கார் வாங்கும் குடும்பங்கள். அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டும், மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு, புதிய கார் கடனைவிட அதிக வட்டிக்குக் கடனும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இவர்கள் தலையில் ஒரு மோசமான வண்டியைக் கட்டினால், அதிலிருந்து மீள்வதற்கு ஆண்டுக்கணக்காகும்.

இந்தச் சந்தை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு பொருளாதார அறிஞர் 1970-லேயே விடை சொல்லிவிட்டார். அமெரிக்கரான ஜார்ஜ் அகர்லாஃப், பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. பிறகு வெளியான அதே கட்டுரைதான் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. அவர் சொன்னது இதுதான்: வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எதற்கும் இருக்கட்டும் என்று சராசரி விலைதான் கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் ஒதுங்கிக்கொள்வார். மிஞ்சுவதில் மோசமானவை கூடும். விலை இன்னும் இறங்கும். இன்னும் சில நல்ல வண்டிகள் ஒதுங்கும்.

நம் ஊரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒழுங்காகப் பராமரித்த கார் கன்சல்டிங் வாசலை மிதிப்பது அபூர்வம். அலுவலக நண்பர், மாடி வீட்டுக்காரர், மைத்துனர் என்று அக்கம்பக்கத்திலேயே அது விலைபோய்விடும். ஆகவே கார் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய இடம் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவும் அலுவலக கேன்டீனும்தான். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. சித்தப்பா விற்கும் வண்டியின் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க நமக்குக் கூச்சம். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்கு, உறவும் கெடும்.

வண்டி பிடித்துப்போனால், பானட்டைத் திறக்கும் முன் இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பாருங்கள். பிரீமியக் கணக்கில் 'நோ க்ளெய்ம் போனஸ்' என்று ஒரு வரி இருக்கும். பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை. வண்டியின் கதையைச் சொல்லும் வரி அதுதான். இழப்பீடு கேட்காமல் ஓராண்டு ஓட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45. ஐந்தாண்டு கேட்காவிட்டால் 50. இடையில் ஒருமுறை கேட்டுவிட்டால் பொதுவாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஏழு வயதான கார், முதல் கை, "ஒரு கீறல் விழுந்ததில்லை" என்கிறார் உரிமையாளர். பாலிசியிலோ 20 சதவீதம் என்று இருக்கிறது. அப்படியென்றால் முந்தைய ஆண்டுக்கு முன்பு ஏதோ நடந்திருக்கிறது. பம்பர் உடைந்ததாக இருக்கலாம். வண்டி குப்புறக் கவிழ்ந்ததாகவும் இருக்கலாம். பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாட்களுக்கு மேல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும். போனஸைக் காக்கும் கூடுதல் பிரிவு எடுத்தவருக்கு இழப்பீடு கேட்ட பிறகும் அது நிலைக்கும் என்பதால், 50 சதவீதம் இருப்பதாலேயே வண்டி சுத்தம் என்றும் ஆகாது. எனவே கடைசி மூன்று ஆண்டு பாலிசிகளையும் கேளுங்கள். அந்த எண் ஏன் விழுந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். நேர்மையானவர் பழுதுபார்த்த பில்லை எடுத்துக் காட்டுவார். மற்றவர் பேச்சை மாற்றுவார். இரண்டிலிருந்தும் ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொன்று: அந்தப் போனஸ் வண்டியோடு உங்களுக்கு வராது, அது பழைய உரிமையாளருக்குச் சொந்தமானது. "அம்பது பர்சன்ட் போனஸ் இருக்கு சார்" என்று சொல்லி விலையைக் கூட்டினால் ஏமாறாதீர்கள்.

அடுத்தது சர்வீஸ் பதிவு. வண்டி எண்ணைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரின் கணினியில் ஒவ்வொரு முறையும் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் வந்தது, என்ன வேலை நடந்தது என்பதெல்லாம் வந்துவிடும். உரிமையாளர் கேட்டால் பட்டியலைக் கொடுப்பார்கள். அவரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். முதல் ஆண்டு 12,000, இரண்டாம் ஆண்டு 25,000, மூன்றாம் ஆண்டு 39,000 என்று ஓடிய வண்டி, அதன் பிறகு இரண்டு ஆண்டு சர்வீஸுக்கே வராமல், திடீரென்று 44,000 என்று விற்பனைக்கு நின்றால் அந்த இரண்டு ஆண்டில் வண்டியும் ஓடியிருக்கிறது, மீட்டரிலும் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். டிஜிட்டல் மீட்டர் வந்தால் மோசடி குறையும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். லேப்டாப்பும் ஒரு வயரும் இருந்தால் சில நிமிடங்களில் எண்ணைக் குறைத்துவிடுகிறார்கள். முன்பு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அதுவும் தேவையில்லை.

மீட்டரைத் திருத்துகிறவர் மற்ற இடங்களைத் திருத்த மெனக்கெடுவதில்லை என்பது நமக்கு ஆறுதல். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு அமுங்கித் தொய்ந்திருக்கிறதா? 30,000 கிலோமீட்டர் ஓடிய காரில் இவை இப்படி இருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். 2019 மாடல் வண்டி, 30,000 கிலோமீட்டர் என்கிறார். நான்கு டயரும் 2023-இல் செய்தவை என்றால், முதல் செட் டயர் எப்படி அதற்குள் தேய்ந்தது என்று கேளுங்கள். கண்ணாடிகளிலும் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டுக் குறியீடும் இருக்கும். மற்ற எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்து, ஒன்றில் மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கக்கூடும்.

பாஸ்டேக் கணக்கையும் கேட்டுப் பார்க்கலாம். "ஊருக்குள்ளதான் சார் ஓட்டினோம்" என்று சொல்பவரின் கணக்கில் பரனூர் சுங்கச்சாவடி நாள் தவறாமல் வந்தால், அந்த ஊர் எவ்வளவு பெரிய ஊர் என்று புரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் பழைய கார் வாங்குபவர் தனியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம் வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் மூழ்கியது. அதே மாதம் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் பழுதுச் செலவு போனால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை 'டோட்டல் லாஸ்' என்று அறிவித்து உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். உதிரிப் பாகத்துக்காக எடுப்பவர்கள் உண்டு. கழுவி, காயவைத்து, சீட் துணி மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து விற்பவர்களும் உண்டு. வெள்ளத்தில் நின்ற ஊரிலேயே அதை விற்க மாட்டார்கள் என்பதால், கோவையிலும் சேலத்திலும் வாங்குகிறவர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். தினமும் வெளியே வரும் பகுதியைத் துடைத்திருப்பார்கள். உருளைக்குள் கடைசியாகச் சுருண்டிருக்கும் பகுதியில் சேற்று நீரின் கோடு அப்படியே இருக்கும். முன் சீட்டுகளுக்கு அடியில் தண்டவாளம் போன்ற பட்டையில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், ஃபியூஸ் பெட்டியின் மூலையில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் படிந்த நீராவி, கார்ப்பெட்டைத் தூக்கினால் புழுங்கிய நாற்றம். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே வண்டியை விட்டுவிடலாம். நனைந்த காரில் இன்ஜினைச் சரிசெய்துவிட முடியும். வயரிங் இணைப்புகள்தான் உள்ளுக்குள் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒன்றொன்றாகக் காலை வாரும். இன்றைக்குப் பவர் விண்டோ, நாளைக்கு ஏசி, ஒருநாள் திண்டிவனம் தாண்டி நடுரோட்டில் இன்ஜினே நின்றுவிடும். ஆர்.சி.யில் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை முகவரி என்றால் "அந்த டிசம்பர்ல வண்டி எங்க நின்னுச்சு?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

விபத்து வேறு. அடிபட்ட கார் எல்லாமே கெட்ட கார் அல்ல. சென்னைப் போக்குவரத்தில் பம்பர் மாற்றாத காரைத் தேடினால் கிடைக்காது. கதவு, ஃபெண்டர், பம்பர் மாற்றியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான். எலும்பில் அடி விழுந்திருக்கிறதா என்பதே கேள்வி. கதவோரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் உருவிப் பார்த்தால், தொழிற்சாலையில் இயந்திரம் வைத்த வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாகத் தெரியும். டிங்கர் கையால் வைத்த வெல்டிங் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அப்படி வராது. பானட்டைத் திறந்து, இரு பக்க ஏப்ரனையும் ஒப்பிடுங்கள்; பட்டி பூசியிருந்தால் காந்தம் பிடிக்காது. ஃபெண்டர் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். பில்லரையோ சேஸிஸையோ வெட்டி ஒட்டிய வண்டி, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் பிடுங்கியிருக்கக்கூடும்.

இன்ஜினைப் பார்க்க மெக்கானிக்கை அழைத்துப்போங்கள்; உங்கள் மெக்கானிக்கை, விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக்கை அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் வண்டி பார்க்கப் போனால் முதல் வேலையாகப் பானட் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில வர்றோம், ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். நாங்கள் வருவதற்குள் ஏன் ஸ்டார்ட் செய்து வைத்தார்கள் என்பது அவர் சந்தேகம். ஆறிய இன்ஜின் முதல் தடவை எழும்போது போடும் சத்தமும் கக்கும் புகையும்தான் அதன் உண்மை நிலை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. பிறகு ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து அதன் வாயில் தலைகீழாக வைப்பார். மூடி லேசாக அதிர்ந்தபடி இருந்தால் சரி. துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென வந்தால் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்று சொல்லி மூடியை மூடிவிடுவார். இன்ஜின் வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தாலும் அதே முடிவுதான். இவருக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஓட்டிப் பார்ப்பதென்றால் தெருவை ஒரு சுற்று சுற்றுவது அல்ல. மேடு, பள்ளம், வேகத்தடை, நெடுஞ்சாலை எல்லாவற்றிலும் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும்.

டி-போர்டு (வாடகை) வண்டியை ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கு) மாற்றி விற்பதும் நடக்கிறது. டாக்ஸிக்காகவே அதிகம் ஓடிய எடியோஸ், டிசையர், எக்ஸென்ட் மாதிரி கார்களில் கவனம் வேண்டும். அப்படி மாற்றுவதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. மறைத்து விற்பதுதான் தப்பு. வேகம் 80-ஐத் தாண்ட மறுத்தால், அல்லது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடுங்கிய வயர் தொங்கினால், பழைய பதிவைக் கேளுங்கள்.

இனி காகிதம். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், எஃப்.சி. காலம், கடன் நிலுவையில் வண்டி அடமானத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-செலான் தளத்தில் அபராத நிலுவை தெரியும். "லோன் முடிஞ்சிருச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற அடமானக் குறிப்பு நீக்கப்பட்ட பிறகே மீதிப் பணம். புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி சல்லிசாகக் கிடைக்கிறது என்றால், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க மறுபதிவு செய்து வாழ்நாள் வரி கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். டெல்லியில் டீசலுக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு என்ற கெடுபிடியால் தள்ளிவிடப்பட்ட இன்னோவாக்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பெயர் மாற்றம். படிவம் 29, 30-இல் வெற்றுக் கையெழுத்து வாங்கிவைத்துக்கொண்டு, கன்சல்டிங்கிலிருந்து கன்சல்டிங்குக்கு ஆர்.சி. மாறாமல் வண்டி மட்டும் மாறும் 'ஓப்பன் ஆர்.சி.' பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இது வாங்குபவருக்கு ஆபத்து என்று பலருக்கும் தெரியும். விற்றவருக்கு அதைவிட ஆபத்து. உச்ச நீதிமன்றம் 2018-இல் முடித்துவைத்த ஒரு வழக்கில், 2007-இல் விற்கப்பட்ட மாருதி 800 பெயர் மாறாமலேயே பல கை மாறியிருந்தது. 2009-இல் அது பின்னோக்கி வந்தபோது ஒரு சிறுவன் உயிரிழந்தான். இழப்பீட்டுக்குப் பொறுப்பு, ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் உரிமையாளருடையதே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் வண்டியை விற்று ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகியிருந்தது; ஆனாலும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே சட்டப்படி உரிமையாளர். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மூன்றாம் நபருக்கான காப்பு தொடர்ந்தாலும், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது.

இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி தங்களிடம் வந்ததும் அதை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அதுமுதல் பொறுப்பு அவர்களுடையது. நல்ல விதி. அந்தச் சான்று எத்தனை கன்சல்டிங் சுவர்களில் மாட்டியிருக்கிறது என்று உங்கள் ஊரிலேயே போய்ப் பாருங்கள். மாட்டாதவரிடம் ஏன் வாங்க வேண்டும்?

எந்தக் கார் என்று கேட்பார்கள். என் பதில் சுவாரசியமற்றது: வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10, வசதி இருந்தால் இன்னோவா. இவை கெடாது என்பதற்காக அல்ல. கெட்டால் உசிலம்பட்டியிலும் சரிசெய்ய ஆள் உண்டு, பாகம் உண்டு என்பதற்காக. மறைமலை நகர் ஆலையை மூடிச் சென்ற ஃபோர்டின் ஈகோஸ்போர்ட்டும் ஃபிகோவும் ஓட்டுவதற்குத் திடமான கார்கள், விலையும் குறைவு. பக்கத்திலேயே அவற்றைத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் மட்டும் எடுக்கலாம். சின்னக் கார் விலைக்குப் பத்து வயது ஜெர்மன் கார் கிடைக்கிறதே என்று மயங்குபவர்கள், அதன் கியர்பாக்ஸ் விலையை முதலில் விசாரித்துவிடட்டும்.

ஆண்டு முக்கியம். ஏபிஎஸ் பிரேக் எல்லாக் கார்களுக்கும் 2019 ஏப்ரலிலும், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலும் கட்டாயமாயின. குடும்பத்தை ஏற்றிச் செல்லப்போகும் காரை அதற்குப் பின் வந்த மாடலில் தேடுவதே சரி என்பேன். பெயின்டும் அலாய் வீலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். அதற்கு முந்தைய காரில் எரிபொருள் குழாய்களின் ரப்பரைப் பார்த்துவிடுங்கள். பதினைந்து வயதை நெருங்கும் காரென்றால் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி, எஃப்.சி. செலவு எல்லாம் காத்திருக்கின்றன.

விலைக்குப் பாலிசியிலுள்ள காப்பீட்டு மதிப்பை ஒரு கைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் ஆண்டு முடிவில் அது பொதுவாகக் காரின் விலையில் பாதிக்கு வந்துவிடும். "நான் வாங்கும்போது ஒன்பது லட்சம்" என்ற பேச்சு செல்லாது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்றைய புதிய கார் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். வியாபாரி பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று பில் போட்டால், அது அவருடைய லாபத்துக்குத்தான், மொத்த விலைக்கு அல்ல என்று சொல்லுங்கள். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்த வரியே இல்லை. பேரம் முடிந்த விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவையுங்கள்; பேட்டரி, டயர், ஆயில், பிரேக் என்று முதல் மாதத்திலேயே அது செலவாகும். செலவே இல்லாத பழைய கார் விளம்பரத்தில் மட்டும்தான் ஓடுகிறது.

இவ்வளவையும் ஒரு சாதாரண வாடிக்கையாளர் சீட் பெல்ட்டை இழுத்தும், காந்தம் வைத்தும் துப்பறிய வேண்டியிருப்பது அநியாயம். பெல்ஜியத்தில் 2006 முதல் கார் விற்பவர், அதன் கிலோமீட்டர் வரலாற்றைக் காட்டும் 'கார்-பாஸ்' என்ற சான்றைக் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் வண்டி எண்ணைத் தட்டினால் ஆண்டுதோறும் நடந்த தகுதிச் சோதனையின் முடிவும் அன்றைய கிலோமீட்டரும் இலவசமாகத் தெரிகிறது. அமெரிக்காவில் மீட்டரைத் திருத்துவது 1972 முதலே கூட்டாட்சிக் குற்றம். நம்மிடம் தொழில்நுட்பம் இல்லையா? ஒரு நொடியில் அபராதச் செலானை அனுப்பும் அதே 'வாகன்' தரவுத்தளம்தான், 'டோட்டல் லாஸ்' ஆன காரைப் பற்றி வாங்குபவரிடம் வாய் திறப்பதில்லை. இனி ஓடவே முடியாத வண்டியின் பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இருக்கிறது. முழு இழப்பென்று பணம் வாங்கிய பிறகும் பழுதுபார்த்து ஓடவிடப்படும் கார் அந்தப் பிரிவுக்கும் சந்தைக்கும் நடுவே நழுவிவிடுகிறது. ஒவ்வொரு இழப்பீட்டு விவரமும் இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் இருக்கிறது. வண்டி எண்ணுக்கு நேராக 'முழு இழப்பு: வெள்ளம், 2023' என்று ஒரு வரியை அவர்கள் வாகனில் ஏற்றக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டால் போதும். உரிமையாளரின் அந்தரங்கம் போய்விடும் என்ற வாதம் எடுபடாது. கேட்பது வண்டியின் வரலாற்றை, ஓட்டியவரின் வரலாற்றை அல்ல.

மீட்டர் மோசடிக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. கோடிக்கணக்கானோர் நிரப்பும் படிவம் 29-லும் 30-லும் சேஸிஸ் எண், இன்ஜின் எண் எல்லாம் கேட்கிறார்கள். வண்டி ஓடிய கிலோமீட்டரை எழுத இடம் இல்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்து, விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்டால், அடுத்த கைக்கு மாறும்போது எண் பின்னோக்கிப் போக முடியாது. படிவங்கள் மத்திய மோட்டார் வாகன விதிகளின்கீழ் வருபவை. நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும்.